விமானம் அளக்கும் ஓசோன் திருவொற்றியூருக்கு உதவுமா?

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறோம். பத்து வயது மகனுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது. பயணிகள் விமானத்திலேயே கருவி வைத்து ஓசோனை அளக்கிறார்களாமே, அந்த அளவைப் பார்த்து அவனை விளையாட அனுப்பலாமா?

பதில்: அந்த அளவை நம்பி அனுப்ப வேண்டாம். அது வேறு வேலைக்கானது.

1994-ல் ஐரோப்பாவில் மொசாய்க் என்ற பெயரில் தொடங்கி, இன்று ஐயாகோஸ் என்று தொடரும் திட்டம் அது. விமானத்தின் முன்பகுதியில் உள்ள சிறு குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றினூடே புற ஊதாக் கதிரைச் செலுத்தி, ஓசோன் எவ்வளவு கதிரை விழுங்கியது என்று பார்ப்பார்கள். 4 விநாடிக்கு ஓர் அளவு. ஏறும்போதும் இறங்கும்போதும் 10 கி.மீ. உயரம்வரை அடுக்கடுக்காக விவரம் கிடைத்துவிடும். செயற்கைக்கோளுக்கு இது சிரமம். ஓசோனில் சுமார் 90 சதவீதம் மேலே அடுக்கு மண்டலத்தில் இருக்க, அதைத் தாண்டித்தான் கீழே உள்ளதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்கும் சில நிமிடத்து அளவு, இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் உங்கள் தெருவின் மதியத்தைச் சொல்லாது.

மூச்சுக்குழாயை உறுத்தும் இந்தத் தரையோர ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை. கன்டெய்னர் லாரி, அனல்மின் நிலையம் விடும் நைட்ரஜன் ஆக்சைடும், மணலிப் பக்கத்து எரிபொருள் ஆவியும் வெயிலில் வெந்து உருவாகிறது. புதிதாக வரும் லாரிப்புகையோ இருக்கிற ஓசோனைத் தின்றுவிடும். அதனால் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் ஓசோன் குறைவாகக் காட்டினால், காற்று நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அதே புகை கடற்காற்றோடு மேற்கே போய், செங்குன்றம் பக்கம் ஓசோனாக மாறலாம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? காற்றின் தரத்தைக் காட்டும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி அளவீட்டு நிலையத்தைத் திறந்து, மொத்தக் காற்றுத் தரக் குறியீட்டோடு நிற்காமல் ஓசோனையும் பிஎம் 2.5 என்ற நுண்தூசியையும் தனித்தனியாகப் பாருங்கள். நம் நாட்டில் ஓசோனுக்கு 8 மணி நேரச் சராசரி வரம்பு, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். உச்சம் பெரும்பாலும் பிற்பகல் 12 முதல் 4 வரை. வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில் அந்த நேரத்து ஓட்டம், கிரிக்கெட் வேண்டாம். காலையில் ஓசோன் குறைவு, ஆனால் தூசி அதிகம் இருக்கலாம். என்95 முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், ஓசோனை அல்ல. மருத்துவர் சொன்ன இன்ஹேலரைச் செயலி பார்த்து நிறுத்தாதீர்கள். அப்புறம் ஒன்று: ஓசோன் வெளியிட்டு அறையைச் சுத்தம் செய்வதாக விற்கும் கருவியை, வீசிங் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்குத் தயவுசெய்து வாங்காதீர்கள்.