மதுரையிலிருந்து மாதம் ஒருமுறைதான் போக முடியும்: கொடைக்கானல் வீட்டுத் தோட்டத்துக்குப் பூச்செடியில் ஹைட்ராஞ்சியாவா, அசேலியாவா? மரம் எது வைக்கலாம்?

மாதம் ஒருமுறை போகிறவர்களுக்கு ஹைட்ராஞ்சியாதான். பென்சில் கனத்தில், இரண்டு மூன்று கணு உள்ள பூக்காத குச்சியை ஜூன் மழையில் ஊன்றினாலே வேர் பிடிக்கும். உறைபனிக் காலத்துக்குள் நிலைத்துவிடும்.

நிறம் மண்ணைப் பொறுத்தது. மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இருந்தால் வேர் அலுமினியத்தை எடுத்து நீலமாகப் பூக்கும், 6.5-ஐத் தாண்டினால் இளஞ்சிவப்பு. நீலச்செடி திடீரென்று சிவந்தால் அடுப்புச் சாம்பலோ சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்போ மண்ணில் கலந்திருக்கும். மறுபடி நீலமாக்க, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரம் 15 கிராமை 4 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மண் ஈரமாக இருக்கும்போது மாதம் ஒருமுறை ஊற்றுங்கள். எலும்புத்தூள், சூப்பர் பாஸ்பேட் போடாதீர்கள். அதிலுள்ள பாஸ்பரஸ் அலுமினியத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

கவாத்தில், அதாவது கிளை வெட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முந்தைய ஆண்டுக் கிளையின் நுனியில்தான் மொட்டு உட்காரும். பூ வாடியதும் வெட்டலாம். ஜனவரியில் ஒட்ட வெட்டினால் அந்த வருடம் வெறும் இலைதான்.

அழகில் அசேலியா ஒரு படி மேல். ஆனால் அதன் வேர் மயிரிழை போல மெல்லியது, மேல்மண்ணிலேயே பரவும். ஆழ நட்டாலும், களைக்கொத்தி பட்டாலும் போய்விடும். வேர்ப்பந்து தரைக்கு மேல் ஒரு விரல் அளவு தெரிய நட்டு, தண்டை ஒட்டாமல் 3 அங்குலம் பைன் சருகு பரப்ப வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மரத்தில் என் தேர்வு காட்டுப்பூவரசு. இதுவும் அசேலியாவின் இனம்தான், ரோடோடென்ட்ரான் என்பார்கள். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் இயற்கையாகவே வளர்வது, செக்கச்சிவந்த கொத்து, பனிக்கு அசையாது. மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். ஜகரண்டா வேகமாக வளர்ந்தாலும் இளங்கன்றின் குருத்தை உறைபனி கருக்கிவிடும். கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அரக்கேரியாவைத் தொட்டிக்கன்றாகப் பார்த்து ஏமாறாதீர்கள், 100 அடி வளரக்கூடியது. வீட்டை ஒட்டி வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தை எங்கேயும் நடாதீர்கள். விதை பரவி மலைப் புல்வெளியை விழுங்கிய மரம் அது.

குளிர்காற்று கனமானது, பள்ளத்தில்தான் தங்கும். அதனால் இளங்கன்றுகளைச் சரிவின் மேல்பக்கம் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் கன்றைச் சுற்றிக் குச்சிகளை ஊன்றி அவற்றின்மேல் சாக்கைப் போர்த்துங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் அந்த இடம் கருகும். பகலில் சாக்கை எடுத்துவிட ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.