புல்தரை நோய்கள்: வாசகர் கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை வலுத்தபின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புல்தரைப் பூஞ்சாண நோய்களைப் பற்றியவை. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

லாஸ்பேட்டை: பெர்முடா புல்லில் நாணய அளவில் வைக்கோல் நிறப் புள்ளிகள் தோன்றுகின்றன. என்ன நோய்?

டாலர் ஸ்பாட். காலையில் பனி ஈரம் உலர்வதற்கு முன் குனிந்து பாருங்கள்; புள்ளிகளின் மேல் சிலந்தி வலை போல வெண்ணூல் படர்ந்திருக்கும். தழைச்சத்துக் குறைந்த தரையில்தான் இது மிகும் என்பதால், பூஞ்சைக்கொல்லியைத் தேடுவதற்கு முன் சிறிதளவு தழைச்சத்து இட்டுப் பாருங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்: கருகல் நோய்க்குப் புரோப்பிகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 1 மி.லி. கலந்து தரை முழுவதும் தெளித்தேன். அந்த வாரமே மழையும் விட்டது. 12 நாளில் பச்சை திரும்பிவிட்டது. இம்மருந்தை நண்பர்களுக்குப் பரிந்துரைக்கலாமா?

கூடாது. மருந்து தெளிக்காத ஒரு பட்டையை விட்டு வையுங்கள் என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன்; இன்னும் பத்தில் எட்டுப் பேர் தரை முழுவதையும் நனைத்துவிட்டுத்தான் கடிதம் எழுதுகிறார்கள். தெளிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் காட்ட ஒரு சாண் இடம்கூட மிச்சமில்லாதபோது, நீங்கள் செய்தது சிகிச்சையாக இருக்கலாம், சோதனை ஆகாது. மழை விட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இலை உலர்ந்தாலே ரைசோக்டோனியா என்னும் கருகல் பூஞ்சை பரவுவது தணிந்துவிடும். புதுத் தளிர் எழுந்து பழைய கருகலை மூடிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு கடற்கரை விடுதியில் மூன்று மருந்துகளை அடுத்தடுத்துத் தெளித்துவிட்டு, மூன்றாவதுதான் பலன் தந்தது என்று உறுதியாக நம்பியிருந்தார்கள். அடுத்த பருவத்தில் நோய் திரும்பியபோது, நான்கு முளை அடித்துக் கயிறு கட்டி, ஒரு மீட்டர் அகலப் பட்டையைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, மற்ற இடமெங்கும் அதே மூன்றாவது மருந்தைத் தெளிக்கச் செய்தேன். தெளித்து முடிந்ததும் தாளை எடுத்துவிட்டோம். இடையில் மழையும் ஓய்ந்தது. பதினைந்தாம் நாள் முளையைப் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்டியபின், பட்டை எந்த இடத்தில் இருந்தது என்று தினமும் அங்கே தண்ணீர் பாய்ச்சிய தோட்டக்காரராலேயே காட்ட முடியவில்லை. அந்த ஒரு பட்டை முதல் ஆண்டிலேயே இருந்திருந்தால் எவ்வளவு பணமும் நஞ்சும் மிஞ்சியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் மனம் பொறுக்கவில்லை.

இன்னொன்று: புரோப்பிகோனசோல் போன்ற டிரையசோல் மருந்துகள் புல்லின் வளர்ச்சியைச் சற்று அடக்கி இலையைக் கரும்பச்சையாக்கக் கூடியவை. ஆகவே பச்சையைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். நோயுற்ற பரப்பை அளந்து போடுங்கள்.

நெய்வேலி: கிரிக்கெட் மைதானத்தில் மூன்று மருந்துகளை ஒப்பிட விரும்புகிறோம். எத்தனை பாத்திகள் தேவை?

முறையாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று மருந்துகளோடு தெளிக்காத பாத்தியும் சேர்ந்து நான்கு. ஒவ்வொன்றும் நான்கு இடங்களில் வரவேண்டும், ஆக 16 பாத்திகள். ஒரு மீட்டர் சதுரம் போதும், இடையே ஓரடி இடைவெளி விடுங்கள். நிழலோரம், தண்ணீர் தேங்கும் பள்ளம் என்று தரை மாறுமிடங்களைத் தனித்தனித் தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் நான்கும் ஒருமுறை வருமாறு சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது மட்டும் அளவாகாது, அந்த லிட்டர் எவ்வளவு பரப்பில் விழுகிறது என்பதும் தெரியவேண்டும். சதுர மீட்டருக்கு 100 மி.லி., அதாவது சென்ட்டுக்குச் சுமார் 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டு, முதலில் வெறும் தண்ணீரில் தெளித்துக் கை வேகத்தைப் பழக்குங்கள். லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். மதிப்பிட, ஒரு மீட்டர் சட்டத்தில் 10 செ.மீ. இடைவெளியில் நூல் கட்டினால் நூறு கட்டம் கிடைக்கும்; நோயுள்ள கட்டங்களின் எண்ணிக்கையே விழுக்காடு. எண்ணுபவருக்கு எந்தப் பாத்தியில் என்ன மருந்து என்பது தெரியக் கூடாது. தெளிப்பதற்கு முன்பும், பின்னர் 7, 14, 28ஆம் நாட்களிலும் எண்ணுங்கள்.

அரியாங்குப்பம்: மழைக்குப் பின் புல் எண்ணெய் தடவியதுபோல் கறுத்து, விடியற்காலையில் பஞ்சுபோல் பூக்கிறது. கார்பன்டாசிம் என்னும் பூஞ்சைக்கொல்லியை இரண்டு முறை தெளித்தும் பயனில்லை.

பயன் இராது. இது பித்தியம், உண்மையான பூஞ்சை வகையைச் சேர்ந்ததே அன்று, கார்பன்டாசிம் இதைத் தொடாது. மெட்டலாக்சில் கலந்த மருந்தே பொருந்தும். அதற்கு முன் வடிகாலைத் திறந்துவிடுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். சோதித்துப் பார்ப்பதானால், இங்கும் தெளிக்காத ஒரு பட்டை வேண்டும்.

வில்லியனூர்: படம் அனுப்பியுள்ளேன். புல் காய்கிறது. என்ன மருந்து அடிப்பது?

என்ன புல், எத்தனை நாளாக, கடைசியாக என்ன உரம் என்று ஒரு வரியும் எழுதாமல், மாடியிலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்து எந்த மருந்தையும் நான் சொல்லமாட்டேன். காய்ந்த இடத்தின் ஓரத்தைக் கைப்பிடியாகப் பற்றி இழுங்கள். பாய் சுருள்வதுபோல் புல் எழுந்து வந்தால், அடியில் வேரைத் தின்னும் வெண்புழுவைத் தேடுங்கள். நாய் சிறுநீர் கழிக்கும் இடமா என்பதையும் பாருங்கள். இவை இரண்டுக்கும் பூஞ்சைக்கொல்லி மருந்தாகாது.

பண்ருட்டி: ஹெக்சகோனசோல், டெபுகோனசோல் இரண்டையும் மாற்றி மாற்றித் தெளிக்கிறேன். பூஞ்சைக்கு மருந்தை எதிர்க்கும் திறன் வராதல்லவா?

வரும். பெயர் வேறு, இரண்டும் டிரையசோல் என்னும் ஒரே பிரிவு. மேங்கோசெப் போன்ற வேறு பிரிவு மருந்தை இடையே கொண்டுவாருங்கள்.

சிதம்பரம்: டிரைக்கோடெர்மா விரிடியைக் கார்பன்டாசிமுடன் ஒரே தொட்டியில் கலக்கலாமா?

கூடாது. நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், அதையும் கார்பன்டாசிம் கொன்றுவிடும்.