சூடானால் நிற்கும் கார், காலையில் கிளம்பாத ஜீப்

கேள்வி: வீட்டில் மூன்று வண்டிகள் இருந்தும் நம்பி ஏறுவதற்கு ஒன்றுகூட இல்லை. 2008-இல் வாங்கிய பெட்ரோல் கார், கோபியிலிருந்து கிளம்பிச் சித்தோட்டை நெருங்கும்போது திடீரென்று ஆஃப் ஆகிவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றினாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் தானாகக் கிளம்பிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரு கோளாறும் காட்டுவதில்லை. பிளக், ஃபில்டர், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். பேட்டரியோ என்ற சந்தேகத்தில் டீசல் ஜீப்பின் பேட்டரியைக் காரிலும், காருடையதை ஜீப்பிலும் போட்டோம். இப்போது ஜீப்பும் காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. பழைய வேனில் ரேடியேட்டர் ஒழுகுகிறது. வாரம் இருமுறை அப்பாவை டயாலிசிஸுக்காக ஈரோட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். எதை முதலில் பார்ப்பது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் ஜீப்பைப் பாருங்கள். மூன்றில் மிகச் சுலபமாகச் சரியாகக்கூடியது அதுதான் என்று தோன்றுகிறது. டீசல் என்ஜினின் அழுத்தம் பெட்ரோல் என்ஜினைவிட மிக அதிகம் என்பதால், அதைச் சுற்றவைக்க செல்ஃப் மோட்டாருக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது. அதற்கு முன்பே, என்ஜினுக்குள் சூடேற்றிக் கிளம்ப உதவும் ஹீட்டர் பிளக்குகளும் பேட்டரியிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர் அளவுள்ள பேட்டரிதான் இருக்கும். குளிர்ந்த காலை வேளையில் ஒரு ஜீப்பைக் கிளப்ப அது போதாது. பேட்டரிகளை இன்றே பழையபடி மாற்றிவிடுங்கள். அளவு பொருந்தாத பேட்டரி காரில் இருப்பதும் ஆபத்து: உயரமான பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினல், பானட்டை மூடும்போது தகரத்தில் பட்டால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. மாற்றிய பிறகும் ஜீப் மறுத்தால் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கார் சரியாகும்வரை அப்பாவை அதில் அழைத்துப் போகவே வேண்டாம். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்திருப்பவரை நெடுஞ்சாலை ஓரத்தில் அரை மணி நேரம் உட்காரவைக்கும் நிலை வரக்கூடாது. ஜீப் தேறும்வரை வாடகை வண்டிக்கு ஆகும் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். வேனின் ஒழுகலையும் அடைக்காமல் ஓட்ட வேண்டாம். தண்ணீர் குறைந்து என்ஜின் சூடேறினால், சில நிமிடங்களிலேயே ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விடும்.

இனி காருக்கு வருவோம். சூடானபின் நிற்கிறது, ஆறியபின் கிளம்புகிறது, செல்ஃப் எப்போதும் சுற்றுகிறது என்னும் மூன்று குறிகளையும் சேர்த்துப் பார்த்தால், என் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மீதுதான். என்ஜினின் சுழற்சியை ஈசியுவுக்கு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) சொல்லும் இந்தச் சென்சாரின் உள்ளே மெல்லிய கம்பிச்சுருள் இருக்கிறது. அது பழசாகி எங்காவது விரிசல் கண்டிருந்தால், வெப்பத்தில் விரிந்து இணைப்பு விட்டுப்போகும். ஆறியதும் மீண்டும் சேர்ந்துகொள்ளும். செய்தி வராதபோது ஈசியு பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் ஒருசேர நிறுத்திவிடும். பட்டறையில் போய் நிற்பதற்குள் வண்டி ஆறிவிடுகிறது. அதனால்தான் அங்கே எதுவும் தெரிவதில்லை.

ஆகவே சோதனையை வண்டி நின்ற இடத்திலேயே செய்ய வேண்டும். என்ஜின் நின்றதும் முதலில் வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டுங்கள். ஸ்டியரிங் கனமாகும், பிரேக் பூஸ்டரின் உதவியும் ஓரிரு மிதிக்குப் பின் தீர்ந்துவிடும் என்பதால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப விட்டு மிதிக்க வேண்டாம், உருளும்போது சாவியை உருவவும் வேண்டாம். நின்றபின் சாவியை ஆன் செய்து, செக் என்ஜின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால் ஈசியுவுக்கே மின்சாரம் போகவில்லை. மெயின் ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), பியூஸ், எர்த் வயர் ஆகியவற்றில் ஒன்றே காரணம். எரிந்தால், பின் சீட்டுப் பக்கமிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு வினாடி உறுமும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்கவில்லையென்றால், பம்ப் ரிலேயை அதே எண்ணுள்ள ஹார்ன் ரிலேயுடன் மாற்றிப் பார்க்கலாம். பம்ப்பைப் புதிதாகப் போட்டிருந்தாலும் ரிலே பழையதுதானே.

இரண்டும் சரியாக இருந்தால் செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். என்ஜின் சுற்றும்போது அந்த முள் சற்றேனும் அசைய வேண்டும். பெரும்பாலான எம்பிஎஃப்ஐ (கணினி வழியே பெட்ரோலைத் தெளிக்கும்) கார்களில், அது அசையாமல் பூஜ்யத்திலேயே கிடந்தால் சென்சாரிலிருந்து செய்தி வரவில்லை என்றே கொள்ளலாம். உறுதிசெய்ய, என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்தபின், ஈரத்துணியைச் சென்சார் மீது சில நிமிடம் வையுங்கள். அது இருக்கும் இடத்தை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். துணியை எடுத்ததும் வண்டி கிளம்பினால் சந்தேகம் அநேகமாகத் தீர்ந்தது. வயர் கனெக்டரையும் கழற்றி, பின்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே புதிய சென்சாரைப் போடச் சொல்லுங்கள். தரமான ஒன்றையே வாங்குங்கள். மலிவான போலிகள் இதே நோயுடன் வருவதுண்டு.

ஸ்கேனர் எதையும் காட்டாததால் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. இந்தியாவில், கோளாறுகளை வண்டியே கண்டறிந்து பதியும் ஓபிடி-2 முறை 2013-இல்தான் கட்டாயமானது. உங்கள் 2008 காரில் எல்லாக் குறைகளும் பதிவாகும் என்று எதிர்பார்க்க முடியாது. கிராங்க் சென்சார் கோளாறைக் குறிக்கும் பி0335 என்ற குறியீடு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் மேற்சொன்ன சோதனையையே நம்புங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: ஒரு வண்டியின் பாகத்தை இன்னொன்றில் போட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் தனி நோட்டு வைத்து, நின்ற நேரம், ஓடிய தூரம், பெட்ரோல் அளவு, விளக்குகள் காட்டியது, மாற்றிய பாகம் ஆகியவற்றை எழுதிவாருங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

கேள்வி: இரண்டு கார்களை மாறி மாறி ஓட்டுகிறோம். ஒரு வாரம் நிறுத்தும் கார் எதுவாக இருந்தாலும் பேட்டரி இறங்கிவிடுகிறது. புது பேட்டரி வாங்குவதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அவசரப்பட வேண்டாம். நிறுத்திய காரும் கடிகாரம், அலாரம் போன்றவற்றுக்காகச் சிறிது மின்சாரம் எடுக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. 300 மில்லி ஆம்பியர் போனால் ஒரு நாளில் 7.2 ஆம்பியர்-அவர் கரைந்து, ஐந்து நாளில் சிறிய பேட்டரி காலியாகிவிடும். இரண்டு காரிலும் இதே குறை என்பதால், பின்னால் பொருத்திய மியூசிக் சிஸ்டம், அலாரம், ஜிபிஎஸ் கருவி போன்றவற்றையே முதலில் சந்தேகிக்கிறேன். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி இடையில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, அரை மணி நேரம் கழித்து அளக்கச் சொல்லுங்கள். பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவும்போது எது அளவைக் குறைக்கிறதோ அந்த இணைப்பில்தான் கசிவு. மீட்டர் இணைந்திருக்கும்போது யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது. மீட்டரின் பியூஸ் போய்விடும்.