வேலூர் எப்போதும் வெயில் ஊர்தானே, புதிதாக என்ன மாறியது?

கேள்வி: அணைக்கட்டுப் பக்கம் மூன்று ஏக்கரில் நெல்லும் இலவம்பாடி முள்ளுக் கத்தரியும் வைத்திருக்கிறேன். வேலூர் வெயில் என் தாத்தா காலத்திலேயே பேர்போனது. பிறகு எதைப் பருவநிலை மாற்றம் என்கிறார்கள்? தோல் தொழிற்சாலைக் கழிவுதான் காரணம் என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். ஓசோனில் ஓட்டை விழுந்ததால்தான் என்கிறான் என் மகன். பல ஆண்டுகள் வெறும் மணலாகக் கிடந்த பாலாறு 2021இல் கரைபுரண்டு ஓடியது. எதை நம்புவது? தளம் போட்ட வீட்டில் எண்பது வயது அம்மா இரவெல்லாம் தூங்காமல் தவிக்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தாத்தா சொன்னது சரி. வேலூர் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. கடற்காற்று எட்டிப் பார்ப்பதற்குள் பகல் முடிந்துவிடும். சுற்றிலும் நிற்கும் பாறை மலைகள் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டிய பிறகு திருப்பித் தருகின்றன. கத்திரி வெயிலில் 42, 43 டிகிரி இந்த ஊருக்குப் புதிதல்ல. அப்படி ஒரு நாளைக் காட்டிப் பருவநிலை மாறிவிட்டது என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

மாற்றம் தெரிவது உங்கள் அம்மா தூங்காமல் தவிக்கும் அந்த இரவில்தான். மலையும் தளமும் வயலும் இரவில் விடும் வெப்பம் வானத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் கரியமில வாயு அதில் ஒரு பகுதியைப் பிடித்துத் தரைக்கே திருப்புகிறது. இந்த வாயு அறவே இல்லாவிட்டால் பூமி உறைந்து போகும். சிக்கல் அதன் அளவில்தான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது ஏறக்குறைய 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அதனால் உலகின் பல பகுதிகளில் பகலைவிட இரவு வேகமாகச் சூடேறியிருக்கிறது.

கூடுதலாகச் சேர்ந்தது நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த புகைதான் என்பதற்குச் சான்று காற்றிலேயே இருக்கிறது. பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த கரியில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை மிஞ்சியிருக்காது. அந்தக் கரி எரிந்து கலக்கக் கலக்கக் காற்றிலும் அதன் விகிதம் நீர்த்துப்போகிறது. சூரியன் கூடுதலாகக் காய்வதுதான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். அங்கே குளிர்ந்திருக்கிறது.

தோல் தொழிற்சாலைக் கழிவு வேறு வழக்கு. அது பாலாற்றுப் படுகையின் கிணறுகளைக் கெடுத்தது, நிலங்களை உப்பாக்கியது. அதற்காக வேலூர் மக்கள் நடத்திய வழக்கில்தான் மாசுபடுத்தியவரே இழப்பைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டை 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அந்தக் காயம் பெரியது, இன்னும் ஆறவில்லை. ஆனால் வெயிலுக்கு அது காரணமல்ல. ஓசோன் ஓட்டையும் அப்படித்தான். அது குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த வேறு வாயுக்களால் வந்தது. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு மெல்ல ஆறி வருகிறது. மகனிடம் இதைச் சொல்லுங்கள்: உலக நாடுகள் கூடி ஒரு வாயுவைக் கட்டுப்படுத்திக் காட்டியிருக்கின்றன.

பாலாற்றில் மட்டும் பதில் அவ்வளவு நேரானதல்ல. 1903 நவம்பரிலும் அது பெருக்கெடுத்து வாணியம்பாடியில் பெரும் உயிர்ச்சேதம் செய்தது. அப்போது காற்றில் இவ்வளவு கரியமில வாயு இல்லை. ஆகவே 2021 வெள்ளத்தை முழுவதுமாகப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பூமியின் சராசரி வெப்பம் 1850–1900 காலத்தைவிட 2011–2020 பத்தாண்டில் 1.1 டிகிரி கூடியிருந்தது. எனவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு மழைக்கு நடுவில் மண் வேகமாகக் காய்கிறது. கொட்டிய மழையைப் பிடித்து வைக்க வட ஆற்காட்டுக்காரர்கள் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். வரத்துக்கால்வாயைத் தூர்த்துவிட்டு வானத்தைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நாகநதிப் பகுதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் நீர் செறிவூட்டும் கிணறுகளை அமைத்தார்கள். உங்கள் ஊராட்சியில் அதைக் கேட்டுப் பெறுங்கள்.

இதெல்லாம் நாம் செய்த பாவமா என்ற குற்ற உணர்வும் வேண்டாம். ஓர் இந்தியரின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. ஓர் அமெரிக்கருக்கு ஏறக்குறைய 14 டன். குறைவாக எரித்தவர் வயல் முதலில் காய்வது அநியாயம்தான். அதற்காகக் காத்திருக்க முடியாதே, வயலுக்கு வருவோம்.

நெல் காலை ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரை பூக்கும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செயலிழந்து கதிர் பதராகும். இரவு வெப்பமும் விளைச்சலைக் குறைக்கும்: இரவெல்லாம் பயிர் கூடுதலாகச் சுவாசித்து, பகலில் சேர்த்ததைச் செலவழித்துவிடும். எனவே நவரைப் பருவ (டிசம்பர்–ஜனவரி) நடவைத் தள்ளிப் போடாதீர்கள். தாமதமானால் குறுகிய கால ரகத்துக்கு மாறுங்கள். பூக்கும் நாள்கள் ஏப்ரல் வெயிலில் சிக்கக் கூடாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் தண்ணீர் மிச்சமாகும். எப்போதும் தேங்கி நிற்கும் வயலிலிருந்து எழும் மீத்தேனும் (கரியமில வாயுவைப் போலவே வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு) வெகுவாகக் குறையும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலைக் காயவிடாதீர்கள். கத்தரிக்குக் கோடையில் பூ உதிர்வதுதான் பெரிய தொல்லை. வேரைச் சுற்றி வைக்கோல் மூடாக்குப் போடுங்கள், சொட்டுநீர் விடுங்கள்.

அம்மாவின் அறையை இந்த வாரமே கவனியுங்கள். மொட்டை மாடியைப் பெருக்கிக் கழுவி, வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள். தளம் பகலில் வாங்கும் வெப்பம் குறைந்தால்தான் இரவில் இறங்குவதும் குறையும். மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கம் கீற்றுத் தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போட்டாலும், அதற்குள் வெயில் கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்திருக்கும். பகலில் அடைத்து வைத்து, வெளிக்காற்று தணிந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறங்கள். அறை வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறி சூட்டுக் காற்றைத்தான் உடலில் அடிக்கும். ஈரத்துணியால் கை, கால், கழுத்தைத் துடைத்துவிடுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் எளிதில் தெரியாது என்பதால் கேட்காமலே தண்ணீரும் மோரும் கொடுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியவோ மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தடுமாறினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதபோது வாயில் எதையும் ஊற்றக் கூடாது.