பெயர் பெற்றவரா, பக்கத்தில் இருப்பவரா?

மனநலம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 34 வயது. சொந்த ஊர் திருப்பத்தூர். இப்போது பெங்களூர் முருகேஷ்பாளையாவில் இருக்கிறோம். பெலந்தூரில் ஐ.டி. வேலை. சில மாதங்களாக ஆபீஸ் கேபில் போகும்போது, மாரத்தஹள்ளி பாலத்தைத் தாண்டி டிராஃபிக்கில் வண்டி நின்றால் போதும், நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப் போகிறது, இப்போதே செத்துவிடுவேன் போல இருக்கிறது. இரண்டு முறை பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. இதயத்தில் ஒன்றுமில்லை, இது ஸ்ட்ரெஸ், நல்ல தெரபிஸ்டைப் பாருங்கள் என்றார் டாக்டர். போனில் தேடினால் எத்தனையோ பேர் வருகிறார்கள், யார் என்ன படித்தவர் என்றே புரியவில்லை. ஒருவர் ரொம்பப் பிரபலம், ஆனால் ஜெயநகரில் இருக்கிறார், ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமாம். பக்கத்திலேயே தமிழில் பேசக்கூடியவரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயம். மாமியார், கோயிலுக்குப் போய் மந்திரித்துக்கொண்டு வந்தால் சரியாகிவிடும் என்கிறார்.
– வாசகி, முருகேஷ்பாளையா

பதில்: முதலில் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டது சரியான காரியம். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கவில்லை என்றால் அதையும் பார்த்துவிடுங்கள். அவற்றில் கோளாறு இருந்தாலும் இதே படபடப்பு வரும். ஆபீசில் ஒரு நாளைக்கு எத்தனை காபி என்பதையும் கவனியுங்கள்.

பிரபலமானவருக்காக ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். பதற்றத்துக்கான பேச்சுச் சிகிச்சை ஒரே நாளில் பார்த்து, சீட்டு வாங்கிக்கொண்டு வருகிற விஷயம் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை, 45 அல்லது 50 நிமிடம், பொதுவாக 8 முதல் 15 தடவை வரை போக வேண்டியிருக்கும். வேலை முடிந்து சாயங்காலம் பெலந்தூரிலிருந்து ஜெயநகருக்கு, வழியில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல். வண்டி நின்றாலே பயம் வருகிற உங்களால் அதை எத்தனை வாரம் செய்ய முடியும்? பாதியில் நின்றுபோனவர்களைக் கேட்டால், சிகிச்சை பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களைவிட, தூரம் ஒத்துவரவில்லை என்று சொல்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஆகவே உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய வட்டத்தை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். கோடிஹள்ளி, தொம்லூர், இந்திராநகர், அல்சூர். இந்த வட்டத்துக்குள் தேடினால் போதும். முறையாகப் படித்த, வாராவாரம் உங்களால் போய்ப் பார்க்க முடிகிற ஒருவர், எட்டாத தூரத்தில் இருக்கும் பெரிய பெயரைவிட உங்களுக்கு அதிகம் உதவுவார்.

அடுத்தது படிப்பு. மனநல மருத்துவர், அதாவது சைக்யாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மேலே மனநலம் படித்தவர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சுச் சிகிச்சை செய்வார். பெரும்பாலும் எம்.ஃபில். முடித்திருப்பார், ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவில் பதிவு செய்திருப்பார். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்க முடியும். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் உங்களுக்கு வேண்டாம். இவர்கள் தவிர, மனோதத்துவத்தில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. படித்த கவுன்சலர்கள் இருக்கிறார்கள். அவர்களிலும் அருமையானவர்கள் உண்டு. ஆனால் மூன்று மாத, ஆறு மாத சர்டிபிகேட் கோர்ஸ் முடித்தவர்களும் அதே பலகையை மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டே ஆக வேண்டும். இணையத்தில் போடுகிற நட்சத்திர மதிப்பீடுகளை விட்டுவிடுங்கள். அவை உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. உங்கள் இதய டாக்டரையோ குடும்ப டாக்டரையோ இரண்டு பெயர் கேளுங்கள், அது மேல்.

பெயர் கிடைத்ததும் போனில் ஐந்து நிமிடம் பேசுங்கள். கதை முழுக்கச் சொல்ல வேண்டாம். “டிராஃபிக்ல மாட்டிக்கிட்டா எனக்கு பயங்கரமா படபடப்பு வருது. நீங்க இதுக்கு என்ன மாதிரி சிகிச்சை செய்வீங்க? தமிழ்ல பேசலாமா? ஒரு தடவைக்கு எவ்வளவு? ஒரு வாரம் வர முடியலைன்னா பணம் போயிடுமா?” இவ்வளவு போதும். பெங்களூரில் தனியாரிடம் 1,000 ரூபாயிலிருந்து 2,500 வரை கேட்பது சாதாரணம். பத்து அமர்வுக்கும் முன்பணம் கட்டச் சொன்னாலோ, மூன்றே தடவையில் குணமாக்குகிறேன் என்று சத்தியம் செய்தாலோ, வேறு பேஷண்ட்களின் கதையை உங்களிடம் சொன்னாலோ, வேறொருவரைப் பாருங்கள்.

உங்களுக்கு நடப்பதை ‘பேனிக் அட்டாக்’ என்பார்கள். பயம் திடீரென்று ஏறும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் நீங்கள் உச்சத்திலேயே வண்டியை விட்டு இறங்கிவிடுகிறீர்கள். உடனே நிம்மதி வருகிறது. ‘இறங்கியதால்தான் பிழைத்தோம்’ என்று உடம்பு அதை நம்பிக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும். அப்புறம் கேப் வேண்டாம் என்று தோன்றும், அதற்கும் பிறகு ஆபீசே வேண்டாம் என்று தோன்றும். அதனால்தான், வெறுமனே கேட்டுக்கொண்டிருந்து ஆறுதல் சொல்லி அனுப்புகிறவர் உங்களுக்குப் போதாது. இந்தச் சுழற்சியை எடுத்துச் சொல்லி, படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ள வைக்கிறவர் வேண்டும். சி.பி.டி. என்பார்கள், காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி. முதல் வாரம், கூட்டமில்லாத நேரத்தில் கணவரோடு மாரத்தஹள்ளி வரை போய், பயம் வந்தாலும் இறங்காமல் உட்கார்ந்திருக்கச் சொல்லலாம். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நோட்டில் எழுதச் சொல்லலாம். பிறகு தனியாக, பிறகு நெரிசல் நேரத்தில். இப்படி வீட்டுப்பாடம் கொடுக்கிறாரா என்று பாருங்கள். மாற்றம் நடப்பது அவருடைய அறையில் இருக்கும் நேரத்தைவிட அந்த ரோட்டில்தான்.

தமிழ் வேண்டும் என்று கேட்டதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆபீசில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட, பயத்தைப் பற்றிச் சொல்லும்போது ஆங்கிலத்தில் ரிப்போர்ட் வாசிப்பதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். “அம்மா மாதிரி நானும் சின்ன வயசுலேயே போயிடுவேனோ” என்பது தமிழில்தான் வரும். அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் தமிழ் பேசும் ஆலோசகர்கள் கிடைப்பார்கள். யாருமே அமையவில்லை என்றால், தமிழ்நாட்டில் இருக்கும் ஒருவரிடம் வீடியோவில் பேசலாம். பதற்றத்துக்கு அதுவும் நன்றாகவே பலன் தருகிறது. ஒரே சிக்கல், சின்ன வீட்டில் மாமியார் ஹாலில் இருக்கும்போது உள்ளறையில் மனம்விட்டுப் பேச முடியாது. மொட்டை மாடியோ நிறுத்திவைத்த காரோ, யார் காதிலும் விழாத ஓர் இடம் இருந்தால் மட்டும் அந்த வழியை எடுங்கள்.

ஆபீஸ் விஷயத்தில் பயம் வேண்டாம். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. நீங்களாக வெளியே போய்ப் பார்க்கும் ஒருவர் உங்கள் எச்.ஆருக்குச் சொல்ல முடியாது. கம்பெனியே இலவச கவுன்சலிங் தருகிறது என்றால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் கம்பெனிக்கு என்னென்ன தகவல் போகும் என்று முதல் அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு மனநோய்க்கும் உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் கொடுக்கும், ஆகவே ஓபி செலவு உண்டா என்று பாருங்கள்.

மாமியாரோடு சண்டை போடாதீர்கள். சோமேஸ்வரர் கோயிலுக்கு அவரோடு போய் வாருங்கள், மனதுக்கு இதமாக இருக்கும். அவர் உங்கள் மேல் அக்கறையோடு சொல்கிறார். சனிக்கிழமை தெரபிஸ்டிடம் போவதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்று, நான்கு தடவை போன பிறகும் இவரிடம் மனம் ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள். மாற்றிக்கொள்ளலாம், அதில் தவறே இல்லை. நல்ல ஆலோசகர் அவரே வேறு பெயர் தருவார். தூக்கம் அடியோடு போய்விட்டால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்தே போகலாம்.

(இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்களை நான் என் அறையில் பார்ப்பதில்லை. அதனால் யாரும் என் முகவரி கேட்டு எழுத வேண்டாம்.)

கேள்வி: அம்மா, நான் ஆட்டோ ஓட்டுகிறேன். மகனுக்கு 22 வயது, டெலிவரி வேலை பார்த்தான். இப்போது ராத்திரி தூங்குவதில்லை, நெஞ்சை அடைக்கிறது என்கிறான், வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. தனியாரில் ஒரு தடவைக்கு 1,500 ரூபாய் கேட்கிறார்கள். நிம்ஹான்ஸ் போகலாம் என்றால், அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி, நாளைக்கு இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று என் மனைவி அழுகிறாள்.
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: ஐயா, தயங்காமல் நிம்ஹான்ஸுக்கே கூட்டிக்கொண்டு போங்கள். நாட்டிலேயே மிகச் சிறந்த மனநல மருத்துவமனைகளில் ஒன்று உங்கள் ஊரில், ஓசூர் ரோட்டில் இருக்கிறது. வலிப்பு, பக்கவாதம், தலையில் அடி என்று வருகிறவர்களும் அதே வளாகத்துக்குத்தான் வருகிறார்கள். கேட்டில் பார்க்கிற யாருக்கும் நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்று தெரியாது. இதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பி.பி.எல். கார்டு இருந்தால் அவசியம் காட்டுங்கள், சலுகை கிடைக்கும். முதல் நாள் கூட்டமாக இருக்கும், பெரும்பாலான பகல் போய்விடும். அன்றைக்கு ஆட்டோ ஓட்ட முடியாது என்று நினைத்தே கிளம்புங்கள். சாப்பாடும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். இளம் டாக்டர் ஒருவர் விவரமாகக் கேட்பார், பிறகு பெரிய டாக்டர் பார்ப்பார். எப்போதிலிருந்து தூக்கமில்லை, அதற்கு முன்னால் வேலையிலோ வீட்டிலோ என்ன நடந்தது, ஏதாவது குடிக்கிறானா, இழுக்கிறானா என்று கேட்பார்கள். மறைக்காதீர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலத்திலிருந்தெல்லாம் ஜனம் வருகிற இடம் அது, தமிழில் பேசி விளக்கலாம். அவனிடம் தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டர் சொன்னால் நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். அப்பா எதிரில் சொல்ல முடியாதது 22 வயதுப் பையனுக்கு நிறைய இருக்கும். ஆஸ்பத்திரிச் சூழலே வேண்டாம் என்று அவன் அடம்பிடித்தால், பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸின் நல்வாழ்வு மையம் ஒன்று இருக்கிறது. கவுன்சலிங்குக்கு அங்கே போகலாம்.

அதற்கு முன்பாக இன்றைக்கே 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். மகன் பேச மறுத்தால் நீங்களே பேசி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரி அவன் எதையாவது சொன்னால் ஓபி நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள், நடு ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையை இரண்டு வருடமாகக் கடையில் வாங்கிப் போடுகிறேன். இதை நிறுத்திவிட்டு கவுன்சலிங் போக விரும்புகிறேன். நாளையிலிருந்தே நிறுத்தலாமா?
– வாசகி, கே.ஆர்.புரம்

பதில்: வேண்டாம். இந்த வகை மாத்திரையை நீண்ட காலம் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்புகூட வரும். அதற்காக இப்படியே தொடரவும் கூடாது. உங்கள் பக்கத்தில் உள்ள மனநல மருத்துவரிடம் போங்கள். அவர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார். தேவைப்பட்டால் பழக்கமாகாத வேறு மருந்தைத் தொடங்குவார், அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மூன்று வாரமாவது ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கவுன்சலிங்கை மாத்திரை நிற்கும்வரை ஒத்திப்போட வேண்டியதில்லை, இந்த வாரமே தொடங்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.