சி.ஆர்.பி. 14 என்றால் கால் ரத்தக்குழாய் அடைப்பு முற்றிவிட்டதா?

அப்பாவுக்கு 68 வயது, இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது, காலில் ரத்தக்குழாய் அடைப்பு என்கிறார்கள், ரத்தத்தில் சி.ஆர்.பி. 14 வந்திருக்கிறது, கால் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 14-ஐ மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நான் டாக்டர் இல்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தனியார் லேப்பில் 22 வருடம் ரத்தம் எடுத்தவள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்கும் இதே நோய்தான்.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் செய்கிற ஒரு புரதம். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். எங்கேயோ புகைகிறது என்று சொல்லும், எந்த வீட்டில் என்று சொல்லாது. இதய ஆபத்தைக் கணிக்கும்போது (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 1-க்குக் கீழே நல்லது, 3-க்கு மேல் ஆபத்து கூடுதல் என்பார்கள். 10-ஐத் தாண்டினால் முதலில் தேட வேண்டியது கிருமித் தொற்றைத்தான். சில வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். அம்மாவுக்கு ஒருமுறை 18 வந்து வீடே அழுதது. கடைசியில் பார்த்தால் சொத்தைக் கடவாய்ப் பல்! பிடுங்கிய பிறகு 4-க்கு இறங்கியது. கால் வலி மட்டும் அப்படியே இருந்தது. அதனால் இன்றைக்கே அப்பாவின் விரல் இடுக்கு, குதிகால், நகக்கண் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இனிப்புநீர்க்காரர்களுக்குப் புண் இருப்பதே தெரியாது.

ஆராய்ச்சிகளில் சி.ஆர்.பி.-யும், ரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்ட ஃபைப்ரினோஜன், டி-டைமரும் எல்லாம் நோய் முற்றியவர்களிடம் சராசரியாகக் கூடுதலாகத்தான் இருக்கின்றன. எஃப்.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் சாதாரணப் பரிசோதனை) தாளில் உள்ள இரண்டு வகை வெள்ளை அணுக்களில், நியூட்ரோபிலை லிம்ஃபோசைட்டால் வகுத்துப் பார்ப்பதும் உண்டு. தனிக் காசு இல்லை. ஆனால் அது கூட்டத்தின் சராசரி. லேசான அடைப்புள்ளவருக்கும் எண் ஏறியிருக்கலாம், விரல் கறுத்தவருக்கும் நடுத்தரமாக இருக்கலாம். சிகரெட் ஏற்றும், கொழுப்பு மாத்திரை இறக்கும். சி.ஆர்.பி. இறங்கியதால் அடைப்பு திறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

அடைப்பு எவ்வளவு என்பதைக் காலிடமே கேட்க வேண்டும். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். கையில் 150, கணுக்காலில் 90 என்றால் 0.6. 0.9-ம் அதற்குக் கீழும் அடைப்பு, 0.4-க்குக் கீழே மோசம். இதில் ஒரு குழி இருக்கிறது, நாங்கள் அதில் விழுந்தோம். அம்மாவுக்கு 1.45 வந்ததும் ஒரு இடத்தில் "ரொம்ப நல்லா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். இனிப்புநீரில் குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டால் அழுத்தம் எடுக்கக் கட்டும் பட்டை எவ்வளவு அழுத்தினாலும் குழாய் நசுங்காது. எண் பொய்யாக ஏறும். 1.4-க்கு மேல் வந்தால் கால்விரலில் அழுத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதையும் கையின் அழுத்தத்தால் வகுத்து 0.7-க்குக் கீழே போனால் அடைப்புதான், சந்தேகம் வேண்டாம். அம்மாவுக்கு 0.4.

அதற்கும் முன்னாலேயே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோயிலுக்குப் போகும்போது அம்மா நாலாவது விளக்குக் கம்பத்தில் நின்று யாரிடமாவது பேச்சுக் கொடுப்பார். "நல்ல பழக்கமான மனுஷி" என்று ஊரே மெச்சும். உண்மையில் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து நடக்க முடியாமல்தான் நின்றிருக்கிறார். தம்பி போனில் அளந்தான்: 170 மீட்டர். 200 மீட்டருக்குள் நிற்க வேண்டியிருந்தால் அது ஒரு படி மேலே போன நோய். ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைகிறது என்றால் அடுத்த படி. ஆறாத புண்ணோ கறுப்போ வந்தால் கடைசிப் படி. அதற்குமேல் அப்பாயின்மெண்ட் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. கால் திடீரென்று ஜில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் சில மணி நேரம்தான் அவகாசம், நேராக எமர்ஜென்சி.

ரத்தப் பரிசோதனையே வீண் என்று சொல்லவில்லை. எச்.பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு, mmol/L கணக்கில் 1.4-க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள்), கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்), இவற்றை வைத்து மருந்தை மாற்றலாம், ஆஞ்சியோ என்கிற ரத்தக்குழாய்ப் படத்துக்கு மருந்து ஏற்றும் முன் கிட்னியையும் பார்த்தாக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான். தனியார் லேப் பேக்கேஜுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டாம் என்று அந்த வேலையில் இருந்த நானே சொல்கிறேன்.

அம்மாவை வாரம் மூன்று நாள், வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொன்னார்கள். புண் இல்லாததால் சொன்னார்கள். அப்பாவுக்குச் சரிப்படுமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூன்று மாதத்தில் நாலாவது கம்பம் ஏழாவது கம்பமானது. உங்கள் அப்பா எத்தனையாவது கம்பத்தில் நிற்கிறார் என்று எண்ணி, அந்த 14-க்குப் பக்கத்தில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.