மின்சைக்கிள் பின்சக்கர மோட்டாரின் அச்சு சுழன்றால்

டார்க் ஆர்ம் (அச்சைச் சுழலவிடாமல் ஃபிரேமோடு பிடித்துவைக்கும் உலோகத் தகடு) போடுங்கள். நட்டை இன்னும் இறுக்குவதால் மட்டும் நிற்காது.

மொரீஷியஸில் ஃபீனிக்ஸிலிருந்து கியூர்பிப் ஏறும்போது அச்சு சுழன்று ஒயர் முறுக்கிக்கொண்டது என்கிறீர்கள். மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும் அதே விசை அச்சைப் பின்பக்கமாகத் திருப்பும். மேட்டில் அது மிக அதிகம். பெரும்பாலும் நாக்கு வைத்த வாஷர் சரியாக உட்காராமல், அச்சு ஃபிரேமில் அது உட்காரும் பள்ளத்தின் அடிவரை போயிருக்காது.

மாட்டியபின் அச்சு முனையிலிருந்து ஃபிரேம்வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். கோடு விலகினால் மறுபடி பிரிக்கத்தான் வேண்டும். அப்புறம், தண்ணீர் ஒயர் வழியே மோட்டாருக்குள் போகாமல் ஒயர் கீழ்நோக்கி வளைந்து வரட்டும், கியூர்பிப் மழை தெரியுமே!

ஒயரின் தோல் உரிந்திருந்தால் பேட்டரியை இணைக்காதீர்கள், கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போய்விடும். அலுமினிய ஃபிரேம் என்றால் இரண்டு பக்கமும் ஆர்ம் தேவை; பள்ளத்தில் விரிசல் கண்டால் அந்த ஃபிரேமில் ஓட்டவே வேண்டாம்.